நடத்தையும் நெருக்கடியும்: செந்தில் முல்லைநாதனின் பொருளியல் ஆய்வுகள்



இன்று நாம் கூடியிருக்கும் இந்தக் காத்தோங் வட்டாரத்தின் ஈஸ்ட் கோஸ்ட் சாலை, ஒரு காலத்தில் தன் பெயருக்கேற்பக் கடலை ஒட்டியே சென்றது. பின்னர்க் கடலைத் தூர்த்து நிலத்தை மீட்டார்கள். கரை தெற்கே விலகிப் போயிற்று. சாலையின் பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சொற்களுக்கு இது இயல்பு. பொருள் நகர்ந்த பின்னும் சொல் நிற்கும். அதனாலேயே பொருள் நகர்ந்தது பல வேளைகளில் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

மொழியியல் பயின்ற நாம் பொருளியலைப் பற்றிப் பேச வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதற்காரணம் ஒரு சொல். தொடக்கக்கல்லூரியில் பொருளியல் பயிலும் தம் மகளுக்கு ஒரு துறையின் பெயரைத் தமிழில் விளக்க முற்பட்ட ஆசிரியர் ஒருவர், "ஐயா, 'நடத்தைப் பொருளியல்' என்று சொன்னால் அது ஏதோ ஒழுக்க வகுப்புப் போல் ஒலிக்கிறதே, வேறு சொல் இல்லையா?" என்று எம்மிடம் கேட்டார். இரண்டாவது காரணம் எம் ஆசிரியப் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு பிழை. அதை இவ்வுரையின் இறுதியில் சொல்வோம்.

நடத்தை என்னும் சொல்

'நட' என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர் நடத்தை. உயிரொன்று ஒரு சூழலில் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் குறிக்க உளவியலாரும் விலங்கியலாரும் இச்சொல்லை ஆள்கின்றனர். எறும்பின் நடத்தை என்று அவர்கள் சொல்லும்போது எறும்பு நல்லதா தீயதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பொதுவழக்கிலோ நிலைமை வேறு. 'அவன் நடத்தை சரியில்லை' என்றால் அவனுடைய பண்பைப் பற்றிய தீர்ப்பு அது. பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் நடத்தை என்றொரு கட்டம் இருக்கும். பள்ளியை விட்டு நீங்கும்போது நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே தமிழில் இச்சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது: ஒன்று ஒருவர் செய்வது, மற்றொன்று அவர் எத்தகையவர் என்பது.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாமா? ஒருவர் செய்வதைப் பார்த்து அவர் எத்தகையவர் என்று முடிவு கட்டலாமா? இக்கேள்வியைத்தான் நாம் இன்று பேசவிருக்கும் பொருளியலறிஞர் தம் வாழ்நாள் ஆய்வின் நடுவில் வைத்திருக்கிறார். அந்த ஆசிரியர் குறையாகக் கண்ட இரட்டைப்பொருள், அத்துறையின் உயிர்நிலையையே தொட்டுக் காட்டுகிறது.

கணக்குப் போடும் மனிதன்

பழைய பொருளியல் நூல்கள் ஒரு கற்பனை மனிதரை முன்னிறுத்தின. அவருக்குத் தம் விருப்பங்கள் தெளிவாகத் தெரியும். கிடைக்கும் செய்திகளையெல்லாம் எடைபோடுவார். தமக்கு மிகுந்த நன்மை தருவதையே தேர்ந்துகொள்வார். அவருக்குக் களைப்பில்லை, மறதியில்லை, சபலமில்லை. 1978இல் நோபெல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இக்கற்பனையை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர். மனித அறிவுக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு. ஆதலால் மனிதர் மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இராமல், போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகின்றனர் என்றார் அவர். உளவியலறிஞர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு வெள்ளி கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட ஒரு வெள்ளியை இழப்பதால் வரும் வருத்தம் பெரிது என்பதை ஒரு கோட்பாடாக்கியது. கானமன் 2002இல் நோபெல் பரிசு பெற்றார். ட்வெர்ஸ்கி 1996இலேயே மறைந்துவிட்டார்.

இவர்களைப் பின்தொடர்ந்த ரிச்சர்ட் தேலர் 2017இல் அப்பரிசைப் பெற்றார். மனிதர் தம் பணத்தை ஒரே பையாக எண்ணுவதில்லை என்பது அவர் விளக்கிய கருத்துகளுள் ஒன்று. வாடகைப் பணம், திருவிழாப் பணம், பிள்ளையின் படிப்புப் பணம் என்று மனத்துக்குள்ளேயே தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்கின்றனர். இதனைத் தமிழில் 'மனக்கணக்கு' என்று சொல்ல நாவெழுகிறது. ஆனால் நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நூற்றாண்டுக்கணக்காக மனக்கணக்கு என்று சொல்வது தாளின்றிப் போடும் கூட்டல் கழித்தலை. எனவே 'மனப்பேரேடு' என்று சொல்லிப் பார்க்கலாம். இச்சொல் நமக்குப் பின்னர் உதவும்.

இத்துறையின் பயனைச் சிங்கப்பூரர் அறியாதவரல்லர். 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி, சேமிப்பைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு விட்டுவிடாமல் சம்பளத்தோடு பிணைத்துவிட்டது. 1987ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டம், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை ஒருவர் இசைந்தவராகவே கருதப்படுவார் என்னும் அடிப்படையில் அமைந்தது. மனிதர் நல்லதை எண்ணினாலும் செய்யத் தவறுவர்; ஆகவே செய்யாமலிருந்தாலும் நல்லது நடக்கும்படி ஏற்பாடு அமையட்டும் என்னும் சிந்தனை இவற்றில் உண்டு.

தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து

செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினியியல், கணிதம், பொருளியல் ஆகியவற்றைப் பயின்று, ஹார்வர்டில் 1998இல் பொருளியல் முனைவரானார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் ஹார்வர்டிலும் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்துள்ளார். 2002இல் மக்ஆர்தர் நல்கையையும், 2018இல் இன்ஃபோசிஸ் பரிசையும் பெற்றார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் இணைந்து 2003இல் வறுமை ஒழிப்புக்கான ஆய்வகம் ஒன்றை நிறுவினார். அவ்விருவரும் மைக்கேல் கிரேமரும் 2019இல் நோபெல் பரிசு பெற்றதை நீங்கள் அறிவீர்கள்.

மொழியியலார் என்ற முறையில் எம்மை முதலில் ஈர்த்தது அவர் மரியான் பெர்ட்ராண்டுடன் இணைந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 தன்விவரக் குறிப்புகளை அவர்கள் அனுப்பினர். எல்லாம் அவர்களே எழுதியவை. அவற்றுள் ஒரு பாதிக்கு வெள்ளையருக்குரியவை என்று தோன்றும் பெயர்களையும், மறுபாதிக்குக் கறுப்பினத்தவருக்குரியவை என்று தோன்றும் பெயர்களையும் இட்டனர். வெள்ளையர் பெயர் தாங்கிய குறிப்புகளுக்கு நேர்காணல் அழைப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகமாக வந்தது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு இத்துணை விலை உண்டு என்பதை எந்த இலக்கணநூலும் நமக்குச் சொன்னதில்லை.

கரும்பு வயலில் ஒரு தேர்வு

அவருடைய ஆய்வுகளுள் தமிழர் யாவரும் அறிந்திருக்க வேண்டியது, விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் 2010இல் நடந்தது. ஆனந்தி மணி, எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோருடன் அவர் செய்த அவ்வாய்வு 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

கரும்பு விவசாயிக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின் வருகிறது. கைக்கு வந்த பணத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் சீராகப் பரப்பிச் செலவிடுவது எளிதன்று. எனவே ஒரே குடும்பம் அறுவடைக்குப் பின் சில மாதங்கள் ஓரளவு வளமாகவும், அடுத்த அறுவடைக்கு முன் கடும் முடையிலும் வாழ்கிறது. ஆய்வில் இடம்பெற்ற விவசாயிகளுள் 78 விழுக்காட்டினர் அறுவடைக்கு முன் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் அவ்வாறு வைத்திருந்தோர் 4 விழுக்காட்டினரே.

ஆய்வாளர்கள் 54 ஊர்களைச் சேர்ந்த 464 விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சந்தித்து, இரண்டு வகைத் தேர்வுகளைக் கொடுத்தனர். முதல் தேர்வில் வடிவங்களின் வரிசையில் விடுபட்ட ஒன்றைக் கண்டறிய வேண்டும். எழுத்தறிவு தேவைப்படாத அறிவுத்திறன் தேர்வு அது. இரண்டாம் தேர்வில் '5 5 5' என்று காட்டினால், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்த்து 'மூன்று' என்று சொல்ல வேண்டும். கண்ணில் படும் 'ஐந்து' நாவுக்கு முந்திக்கொண்டு வரும். அதை அடக்க மனத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

முடிவு என்ன? முதல் தேர்வின் பத்துக் கேள்விகளில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35க்குச் சரியான விடை சொன்ன அதே மனிதர்கள், அறுவடைக்குப் பின் 5.45க்குச் சொன்னார்கள். இரண்டாம் தேர்வை முடிக்க முன்னர் 146 நொடிகள் எடுத்துக்கொண்டவர்கள் பின்னர் 131 நொடிகளில் முடித்தனர், பிழைகளும் குறைந்தன.

மாணவர்கள் இவ்விடத்தில் ஐயம் எழுப்ப வேண்டும். இரண்டாம் முறை எழுதியதால் பழக்கம் உதவியிருக்கலாமே? அதற்காகச் சில விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன் தேர்வே வைக்காமல், அறுவடைக்குப் பின் முதன்முறையாக வைத்து ஒப்பிட்டனர். பருவகாலம் காரணமாக இருக்கலாமே? கரும்பு ஆலைகள் எல்லாருடைய கரும்பையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. வெட்டு உத்தரவு மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஆகவே ஒரே நாளில் ஒருவர் அறுவடை முடித்தவராகவும், பக்கத்து வயல்காரர் காத்திருப்பவராகவும் இருப்பார். பருவம் இருவருக்கும் ஒன்று. கைப்பணம் மட்டும் வேறு.

இவ்வாய்வின் ஆற்றல் இங்கே இருக்கிறது. ஏழையையும் செல்வரையும் ஒப்பிட்டால், அவர்களுடைய கல்வி வேறு, வளர்ப்பு வேறு என்று ஆயிரம் சொல்லலாம். இங்கே ஒப்பிடப்படுபவர் ஒரே மனிதர். அவருடைய பிறப்போ பள்ளியோ பண்போ நான்கு மாதங்களில் மாறிவிடவில்லை. மாறியது அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு.

மனத்தின் கொள்ளளவு

இதற்கு முல்லைநாதனும் ஷஃபிரும் தந்த விளக்கம், 2013இல் அவர்கள் எழுதிய 'ஸ்கேர்சிட்டி' என்னும் நூலில் விரிவாக உள்ளது. அச்சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பற்றாக்குறை என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பொருளியலில் 'அருமை' என்ற சொல்லும் வழங்குகிறது. எமக்கு இப்பின்னைய சொல்லின்மேல் தனி விருப்பம் உண்டு. அரியது என்றால் கிடைக்காதது. அதுவே மதிப்புமிக்கதும் ஆகும். எது கிடைக்கவில்லையோ அது மனத்தில் பெரிதாக வளர்ந்து நிற்கிறது என்னும் உளவியல் உண்மை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அவர்கள் சொல்வதன் சாரம் இது. மனத்துக்கு ஓர் அளவான கொள்ளளவு உண்டு. நாளை மறுநாள் கட்ட வேண்டிய தவணை அதில் ஒரு பகுதியை நிரந்தரமாக அடைத்துக்கொள்கிறது. அடைபட்டது போக எஞ்சிய இடத்தில்தான் மற்ற எல்லாச் சிந்தனையும் நடக்க வேண்டும். நெருக்கடியில் இருப்பவர் அந்த நெருக்கடியைக் கூர்மையாகவே கையாள்கிறார். காசுக்குக் காசு விலை அறிந்து வாங்குவதில் வறியவரை மிஞ்ச முடியாது. ஆனால் அக்கூர்மைக்கு விலையாக, கண்முன் இல்லாத மற்றவை மறந்துபோகின்றன: மருந்து வேளை, பிள்ளையின் பள்ளிக் கடிதம், அடுத்த மாதத்துச் செலவு. சுரங்கத்துக்குள் செல்பவருக்கு எதிரே உள்ள வெளிச்சம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் உள்ளவை தெரியா.

இதற்கு அந்நூல் சென்னைக் கோயம்பேட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. சிறு வியாபாரி ஒருவர் காலையில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, மாலைக்குள் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு விற்கிறார். அந்த ஆயிரமும் கடன். வட்டி நாளொன்றுக்கு 5 விழுக்காடு. அதாவது நூறு ரூபாய் ஆதாயத்தில் பாதி வட்டிக்குப் போய்விடுகிறது. சென்னையில் இதைத் தண்டல் என்பர். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனப் பல பெயர்கள் இவ்வகைக் கடனுக்கு உண்டு. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்பெயர்களையே எடுத்து விளக்கித் தடைசெய்தது. ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் பிறந்திருந்தால், அம்மக்களின் வாழ்வில் அப்பொருள் எத்துணை ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த வியாபாரி நாள்தோறும் ஐந்து ரூபாயை மட்டும் தம் செலவில் குறைத்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து வாங்கினால் என்ன ஆகும்? மிச்சமாகும் வட்டியையும் சேர்த்துக்கொண்டே போனால் ஐம்பது நாள்களில் கடனே இராது. கணிதம் பயிலும் மாணவர்கள் வீட்டுக்குச் சென்று போட்டுப் பார்க்கலாம். அப்படியானால் அவர் ஏன் செய்வதில்லை? அறியாமையா, ஒழுக்கக்கேடா? டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் சிறு வியாபாரிகளின் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தனர். பெரும்பாலோர் ஆறு வாரங்களில் மீண்டும் கடனாளியாயினர்.

இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, எவ்வளவு கொடுத்தாலும் இவர்கள் இப்படித்தான்' என்று சொல்லத் தோன்றும். முல்லைநாதன் வேறுவிதமாகப் பார்க்கிறார். கடன் நீங்கிய வியாபாரியிடம் சேமிப்பு என்னும் திண்டு இல்லை. வீட்டில் ஒரு காய்ச்சல், உறவில் ஒரு திருமணம், மழையால் அழுகிய ஒரு கூடைத் தக்காளி போதும். அவர் மீண்டும் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். வசதியுள்ளவரும் அதே அளவு மறக்கிறார், அதே அளவு தவறுகிறார். அவருடைய தவறுகளை அவருடைய வசதி விழுங்கிவிடுகிறது. வறியவரின் தவற்றுக்கு விழ இடமில்லை.

மறுப்புகளும் சிங்கப்பூர்ச் சான்றும்

அறிவியலில் ஒரே ஆய்வைக் கொண்டு கோயில் கட்டிவிடக் கூடாது. கரும்பு விவசாயிகள் ஆய்வு இடம்பெற்ற கட்டுரையின் புள்ளியியல் முறையைப் பற்றி அவ்வாண்டே கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் குறைந்த வருமானம் உடையோரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவுத்திறன் தேர்வுகளில் வேறுபாடு காணவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறுவடைப் பணமும், மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் சம்பளமும் ஒரே அளவு நெருக்கடியை உண்டாக்குமா என்பது நியாயமான கேள்வி. சென்னையில் 452 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளிவந்த உறக்க ஆய்வு, இரவு உறக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலைத்திறன் உயரக் காணவில்லை. பகலில் சிறிது நேரம் உறங்கியவர்களுக்கே பயன் இருந்தது. எதிர்பார்த்த விடை எப்போதும் வருவதில்லை என்பதை மாணவர்கள் இதிலிருந்து கற்கலாம்.

இந்நிலையில், நம் ஊரிலேயே நடந்த ஆய்வொன்று நம் கவனத்துக்குரியது. ஓங் சியான், வால்டர் தெசைரா, ஐரீன் இங் ஆகியோர் 2019இல் வெளியிட்டது அது. சிங்கப்பூரின் அறநிறுவனம் ஒன்று, குறைந்த வருமானமும் நெடுநாள் கடனும் உடைய குடும்பங்களுக்கு 5,000 வெள்ளி வரையிலான கடனை அடைத்துக் கொடுத்தது. ஆய்வாளர்கள் 196 பேரை அதற்கு முன்னும் பின்னும் சோதித்தனர். மனக்கட்டுப்பாட்டுத் தேர்வில் பிழைவிகிதம் சராசரியாக 17 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. மனப்பதற்றக் கோளாற்றின் அறிகுறிகள் உடையோர் 78 விழுக்காட்டிலிருந்து 53 விழுக்காடாகக் குறைந்தனர்.

அதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஒரே அளவு பணம் பெற்றவர்களுள், பல சிறு கடன் கணக்குகள் முற்றிலும் மூடப்பட்டவர்களுக்கே முன்னேற்றம் அதிகம். தொகையைவிடக் கணக்குகளின் எண்ணிக்கை மனத்தை மிகுதியாக அழுத்தியது. முன்னே நாம் 'மனப்பேரேடு' என்றோமே, அது இங்கே திரும்ப வருகிறது. வாடகை பாக்கி ஓர் ஏடு, மின்கட்டணம் ஓர் ஏடு, தொலைபேசிக் கட்டணம் ஓர் ஏடு. திறந்து கிடக்கும் ஒவ்வோர் ஏடும் மனத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொள்கிறது. தமிழில் 'கடன் அடைத்தல்' என்கிறோம். ஓர் ஏட்டை அடைப்பது மனத்தின் ஒரு கதவைத் திறப்பதாகும் என்பதை இவ்வாய்வு காட்டுகிறது.

மொழியின் மேல் பழி போடலாமா?

மொழிமன்றத்தில் நின்றுகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. கீத் சென் என்னும் பொருளியலறிஞர் 2013இல் ஒரு கருத்தை வெளியிட்டார். எதிர்காலத்தை வினையில் கட்டாயமாக வேறுபடுத்திக் காட்டும் மொழிகளைப் பேசுவோர், வருங்காலத்தைத் தொலைவில் உள்ளதாக உணர்வதால் குறைவாகச் சேமிக்கின்றனர். சீனம் போன்று அவ்வாறு வேறுபடுத்தாத மொழிகளைப் பேசுவோர் அதிகமாகச் சேமிக்கின்றனர் என்பது அது. அப்படியானால் 'செய்வேன்' என்று எதிர்கால இடைநிலை வைத்துப் பேசும் தமிழருக்குச் சேமிப்பு வாராதா? அச்சம் வேண்டா. மொழிகள் ஒன்றோடொன்று உறவுடையவை. அண்டை இனங்கள் வழக்கங்களையும் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றைக் கணக்கில் கொண்டு சென் அவர்களே மொழியியலார் இருவருடன் சேர்ந்து 2015இல் மீண்டும் ஆராய்ந்தபோது, அத்தொடர்பு பெரிதும் வலுவிழந்தது. தம் கருத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய அவருடைய நேர்மை போற்றத்தக்கது. மக்களின் சேமிப்பின்மைக்கு அவர்கள் பண்பைக் காரணமாக்குவது போலவே, அவர்கள் மொழியைக் காரணமாக்குவதும் எளிதில் விழக்கூடிய குழி.

நம் மரபின் இரு குரல்கள்

இந்த இழுபறி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. திருக்குறளில் 'உழவு' என்னும் 104ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், ஒன்றுமில்லை என்று சொல்லிச் சோம்பியிருப்போரைக் கண்டால் நிலம் எள்ளி நகையாடும் என்னும் கருத்தைச் சொல்கிறது. அதற்கு அடுத்த அதிகாரமே 'நல்குரவு'. வறியவர் நல்ல பொருளை நன்குணர்ந்து பேசினாலும் அவர் சொல் எடுபடாது என்பதும், வறுமையின் நடுவே உறக்கம் அரிது என்பதும் அங்கே சொல்லப்படுகின்றன. முன்னது முயற்சியின்மையைக் கடிகிறது. பின்னது வறுமை மனிதரின் உறக்கத்தையும் சொல்லின் மதிப்பையும் எவ்வாறு பறிக்கிறது என்று காட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த நூலை, நாம் முன்னதை மட்டும் மேற்கோள் காட்டியே பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருக்கிறோமோ என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பறைக்கு வருவோம்

இனி இரண்டாவது காரணம். ஆய்வுப்பணிக்குச் செல்லுமுன் சில ஆண்டுகள் நாம் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தோம். உயர்நிலை மூன்றில் ஒரு மாணவர் இருந்தார். கட்டுரையைத் தொடங்குவார், முடிக்கமாட்டார். வீட்டுப்பாடம் செய்திருப்பார், ஏட்டை எடுத்துவர மறந்திருப்பார். கேள்வி கேட்டால் திடுக்கிட்டு எழுந்து, கேள்வி என்ன என்று நம்மையே கேட்பார். அவ்வாண்டுத் தேர்ச்சி அறிக்கையில் நாம் எழுதினோம்: 'கவனக்குறைவு. முயற்சி போதாது.' நடத்தைக் கட்டத்திலும் ஒரு படி குறைத்தே இட்டோம்.

பல ஆண்டுகள் கழிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தையில் அவர் எம்மைக் கண்டுகொண்டு கைகூப்பினார். நல்ல வேலையில் இருக்கிறார், குழந்தைகள் இருவர். பேச்சு வாக்கில் அந்த ஆண்டைப் பற்றிச் சொன்னார். தந்தைக்கு வேலை போய், குடும்பம் உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கிய ஆண்டு அது. ஏடு எந்த வீட்டில் கிடக்கிறது என்று காலையில் தேடுவாராம். மதியம் சாப்பிட்டால் பேருந்துக்குக் காசு போதுமா என்பதைத் தமிழ்ப் பாடவேளை முழுதும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாராம். பின்பு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க எழுதுனது சரிதான் சார். எனக்கு அப்போ கவனமே இல்ல. கவனமெல்லாம் வேற இடத்துல இருந்துச்சு."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாம் எழுதிய இரண்டு வாக்கியங்களையும் சொல் பிசகாமல் நினைவில் வைத்திருந்தார். கவனம் குறைவாக இருக்கவில்லை, முழுவதும் செலவாகியிருந்தது. 'குறைவு' என்ற சொல்லை இட்டவர் நாம். சொல்லைப் பற்றியே வாழ்நாள் முழுதும் ஆய்ந்த நாம், அன்று அச்சொல்லை ஆயவில்லை.

ஆசிரியர்களே, எல்லா மறதிக்கும் வறுமையே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. சோம்பலும் உண்டு, பதின்ம வயதுக்கே உரிய அசட்டையும் உண்டு. கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தீர்ப்பு எழுதுமுன் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: இந்தப் பிள்ளையின் மனத்தில் இப்போது எத்தனை ஏடுகள் திறந்து கிடக்கின்றன? அவற்றுள் ஒன்றையேனும் நாம் மூட முடியுமா? உதவிநிதிக்கு ஐந்து பக்கப் படிவம் கொடுத்து, நான்கு சான்றுகள் கேட்டு, கடைசி நாள் தவறினால் இல்லை என்று சொல்லும்போது, யாருக்குக் கவனம் மிகக் குறைவாக எஞ்சியிருக்கிறதோ அவரிடமே மிகுதியான கவனத்தைக் கேட்கிறோம். படிவத்தில் இரண்டு பக்கம் குறைப்பது, கெடுவுக்கு முந்தின நாள் ஒருமுறை நினைவூட்டுவது, பாடஏட்டை வகுப்பிலேயே வைத்துச் செல்ல இடம் கொடுப்பது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. முல்லைநாதனின் ஆய்விலிருந்து ஒரு பள்ளி நாளைக் காலையே எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை.

மாணவர்களே, உங்களுள் எவரேனும் இப்போது அத்தகைய ஆண்டொன்றில் இருக்கக்கூடும். உங்கள் அறிவு உங்களை விட்டுப் போய்விடவில்லை. விழுப்புரத்து விவசாயிகளுக்கு அறுவடைக்குப் பின் அது திரும்பி வந்தது போல, உங்களுக்கும் வரும். அதுவரை ஓர் ஆசிரியரிடமேனும் சொல்லிவையுங்கள்.

தொடக்கத்தில் எம்மிடம் சொல் கேட்ட அந்த ஆசிரியருக்கு நாம் தந்த விடை இதுதான்: 'நடத்தைப் பொருளியல்' என்றே சொல்லுங்கள். மகள், "நடத்தை என்றால் ஒழுக்கந்தானே?" என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினாலே அத்துறையின் முதற்பாடம் தொடங்கிவிடும்.